நம்ம ஊர்த் தண்ணிய யாரு டெஸ்ட் பண்றது: வாரிய லேப், கிட், பிரைவேட் லேப், சென்சார், எதுல காசு போடலாம்?

மார்ச் 22 கிராம சபைக்கு முன்னாடி எங்க ஊராட்சில ஒரு முடிவு எடுக்கணும். தண்ணியோட தரத்தை ஒழுங்கா பாக்குறதுக்குன்னு கொஞ்சம் காசு ஒதுக்கலாம்னு பேச்சு வந்துருக்கு, அதை எதுல போடுறதுன்னு தான் கேள்வி. ஒருத்தர் சென்சார் வைக்கலாம்ங்கறார், இன்னொருத்தர் பிரைவேட் லேப்ல வருஷ கான்ட்ராக்ட் போடலாம்ங்கறார், ஏற்கனவே குடிநீர் வடிகால் வாரியத்துக்காரங்க எடுக்குறாங்களே அது போதாதான்னு கேக்குறவங்களும் இருக்காங்க, அப்புறம் பீரோக்குள்ள ரெண்டு வருஷமா தூங்குற டெஸ்டிங் கிட் ஒண்ணு இருக்கு. நான் ஊர் தண்ணிக் கமிட்டில இருக்கேன், ஒரு மாசமா இதையே தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சதை எல்லாம் எழுதி வெச்சா நம்மள மாதிரி கடலோர ஊராட்சில இருக்குற மத்தவங்களுக்கும் உதவும்னு தோணுச்சு.

முதல்ல எங்க ஊர் நிலைமைய சொல்லிடுறேன், ஏன்னா எது சரிப்படும்ங்கறது அதை வெச்சுத்தான். வேதாரண்யம் பக்கம், கடல்லேந்து ரொம்ப தூரம் இல்ல, ஒரு பக்கம் மணல் மேடு இன்னொரு பக்கம் உப்பளம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல கொள்ளிடம் தண்ணி வருது, அது வந்து சம்ப்ல விழும், அங்கேந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். கொள்ளிடம் தண்ணி குறைஞ்சா டேங்க் ஆபரேட்டர் அண்ணன் போர் மோட்டாரையும் போட்டு விடுவார், ரெண்டும் ஒரே தொட்டில கலந்து தெருவுக்கு வரும். அவர் மேல தப்பு சொல்ல முடியாது, தண்ணியே வரலன்னா காலைல ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசல்ல தான் குடத்தோட நிப்பாங்க. ஆனா இதனால என்ன ஆகுதுன்னா எங்க குழாய்ல வர்ற தண்ணி வாரத்துக்கு வாரம் வேற வேற தண்ணி. கொள்ளிடம் தண்ணி டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கற கணக்கு, 350ன்னும் போர் 2400ன்னும் வெச்சுக்குங்க, பாதிக்குப் பாதி கலந்தா 1375 ஆயிடும், போர் மட்டும் ஓடுன நாள்ல 2400ஏ தான். டேங்க் ஒண்ணு, குழாய் ஒண்ணு, ரிப்போர்ட்டுல பேர் ஒண்ணு, ஆனா உள்ள இருக்குற தண்ணி வேற.

கடலோரத்துல இது இன்னும் மோசமா இருக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு. மணலுக்கு அடில நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கு, உப்புத் தண்ணி கொஞ்சம் கனம் ஜாஸ்தி அவ்ளோ தான். நல்ல தண்ணி மட்டம் ஒரு மீட்டர் கீழ போனா அடில இருக்குற உப்புத் தண்ணி எல்லை சுமார் 40 மீட்டர் மேல வர முடியும்னு கணக்கு, நேர்ல அப்படியே அச்சா நடக்காது, மெதுவா நடக்கும், ஆனா திசை அது தான். கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு, அதுல குளோரைடு மட்டும் 19,000. நம்ம போர்ல வெறும் ரெண்டு சதவீதம் கடல் தண்ணி கலந்தாலே டிடிஎஸ் 700 கூடிடும், குளோரைடு 380 கூடிடும். குளோரைடு ஏத்துக்கக்கூடிய அளவு 250 தான்னு ஐஎஸ் 10500, அதாவது இந்தியக் குடிநீர்த் தரநிலை, சொல்லுது. ரெண்டே சதவீதத்துல தாண்டிடுச்சு பாருங்க. மீஞ்சூர் பக்கம் கிணறு கிணறா உப்பு ஏறுன கதை 1960கள்லேந்தே பதிவாயிருக்கு, அது மெட்ராஸுக்குத் தண்ணி எடுத்ததுனால, நம்ம பக்கம் தோட்டத்துக்கும் இறால் குட்டைக்கும் எடுக்குறதுனால. அதனால கடலோர ஊர்ல தண்ணி தரம்ங்கறது ஒரு நம்பர் கிடையாது, அது ஏறி எறங்கிக்கிட்டே இருக்குற விஷயம். இதை மனசுல வெச்சுக்கிட்டு தான் ஒவ்வொரு வழியையும் பாக்கணும்னு நான் நினைக்கிறேன்.

வாரிய லேப்லேந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா செலவு கம்மி, ஏற்கனவே இருக்கு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971ல வந்தது, மாவட்டத்துக்கு மாவட்டம் லேப் இருக்கு. ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15ல அறிவிச்சதுக்கு அப்புறம் 2021ல ஒரு வழிகாட்டி வந்துச்சு, அதுபடி ஒவ்வொரு குடிநீர் ஆதாரத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவை கெமிக்கலும், மழைக்கு முன்னாடி ஒண்ணு மழைக்குப் பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு தடவை கிருமி டெஸ்ட்டும் பாக்கணும், பொதுமக்களும் போய் சேம்பிள் குடுக்கலாம். அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு இருக்கு, யாரும் சும்மா சொல்றேன்னு தள்ளிட முடியாது, ஃபுளோரைடு நைட்ரேட் கடினத்தன்மைன்னு எல்லாமே சரியான முறைல பாத்துருப்பாங்க. இதை விடக் கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

ஆனா இது மட்டும் போதும்னு சொல்றவங்க கிட்ட நான் கேக்குறது, வருஷத்துல ரெண்டு நாள் தெரிஞ்சா மீதி 363 நாள்? சேம்பிள் எடுக்குற அன்னைக்கு கொள்ளிடம் தண்ணி வந்துச்சுன்னா ரிப்போர்ட் அருமையா வரும். எங்க ஊர்ல ஒரு வருஷம் அப்படித்தான் ஆச்சு, பேப்பர்ல எல்லாம் சரி, அந்த வருஷம் ஜூலைல வீட்டுல சாம்பாருக்கு உப்பே போட வேண்டியதில்லன்னு எங்க அக்கா சொன்னாங்க. இன்னொரு தடவை ஒரு சேம்பிளோட ரிசல்ட் எங்க கைக்கு வரவே ஒன்றரை மாசம் ஆயிடுச்சு, அதுல குளோரைடு ஜாஸ்தின்னு இருந்துச்சு, அதுக்குள்ள மழை பேஞ்சு தண்ணி மாறிடுச்சு, அந்த ஒன்றரை மாசமும் அதைத்தான் புள்ளைங்க குடிச்சுச்சுங்க.

நாள் கணக்குலயும் ஒரு சிக்கல் இருக்கு, இதை யாருமே பேச மாட்டேங்குறாங்க. மழைக்கு முன்னாடின்னா நாட்டோட பெரும்பகுதிக்கு மே மாசம். நமக்கு மழைங்கறது அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குப் பருவம். நம்ம மணல்ல தண்ணி மட்டம் ரொம்பக் கீழ போறது ஆகஸ்ட் செப்டம்பர்ல, அப்பத்தான் போர் உப்பு உச்சத்துக்குப் போவும். கிருமி ஆபத்து நவம்பர்ல, செப்டிக் டேங்க்கும் மழைத் தண்ணியும் ஒண்ணாயிடும், மணல்ல அது வடிஞ்சு கைபம்புக்குப் போறதுக்கு ரொம்ப நேரம் ஆவாது. அதனால கெமிக்கல் சேம்பிள் செப்டம்பர் வாக்குல, கிருமி சேம்பிள் ஒண்ணு கட்டாயம் நவம்பர்லன்னு நாமளே கேட்டு வாங்கணும். தேதி மாத்துறதுக்கு ஒரு பைசா செலவில்ல. சேம்பிள் எடுக்குறதையும் நாம பாக்கணும், சம்ப் வாசல்ல இருக்குற குழாய்ல எடுக்காம கடைமடைத் தெருக் குழாய்ல எடுக்கச் சொல்லணும், கிருமி டெஸ்ட்டுக்குக் குடுக்குற பாட்டில் ஸ்டெரிலைஸ் பண்ணதா இருக்கணும், அதுக்குள்ள குளோரினை முறிக்கிற மருந்து போட்டுருக்கணும், ஐஸ் பெட்டில வெச்சு அன்னைக்கே லேப்புக்குப் போவணும், 24 மணி நேரம் தாண்டுன சேம்பிள் வெச்சு என்ன ரிசல்ட் வந்தாலும் அதை நம்ப முடியாது. பழைய கோலா பாட்டில்ல புடிச்சு பஸ்ல குடுத்து விடுறதை நானே பாத்துருக்கேன்.

அடுத்தது கிட். எஃப்டிகேன்னு சொல்றாங்களே, களப் பரிசோதனைப் பெட்டி, ஒரு பெட்டிய வெச்சு சுமார் 100 சேம்பிள் பாக்கலாம். ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்கு டிரெயினிங் குடுக்கணும்னு ஜல் ஜீவன்லயே இருக்கு, எங்க ஊர்லயும் மகளிர் குழுலேந்து அஞ்சு பேர் போயிட்டு வந்தாங்க, ஒரு நாள் டிரெயினிங், போட்டோ எடுத்தாங்க, பெட்டி பீரோவுக்குப் போயிடுச்சு. இப்ப அதைத் திறந்து பாத்தா பாதி கெமிக்கல் எக்ஸ்பைரி. இதைச் சொல்றப்ப எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா கத்துக்கிட்டு வந்தவங்கள்ல ரெண்டு பேர் ரொம்ப ஆர்வமா இருந்தாங்க, ஒரு மாசம் செஞ்சாங்க, ரிசல்ட் எழுதி ஆபீஸ்ல குடுத்தாங்க, அதை யாரும் பாக்கல, அதுக்கப்புறம் ஏன் செய்யணும்?

கிட்டோட பலம் என்ன, பலவீனம் என்னன்னு பிரிச்சுப் பாக்கணும், மொத்தமா சும்மா விளையாட்டுச் சாமான்னு ஒதுக்கவும் கூடாது, லேப் மாதிரின்னு நம்பவும் கூடாது. நைட்ரேட், ஃபுளோரைடு இதெல்லாம் கலரை கார்டோட ஒத்துப் பாக்குறது, நைட்ரேட் 40ஆ 50ஆன்னு கண்ணால சொல்ல முடியாது, ஆனா எல்லை 45ல இருக்கு, அதுக்கு மேல சலுகையும் இல்ல, பால் குடிக்கிற புள்ளைங்களுக்கு ஆபத்து. அதுக்கு லேப் தான். குளோரைடு அப்படி இல்ல, சொட்டுக் கணக்கு, கலர் மாறுற வரைக்கும் சொட்டு சொட்டா விட்டு எண்ணணும், பொறுமையா செஞ்சா நல்லாவே ஒத்து வருது. எச்2எஸ் பாட்டில்னு ஒண்ணு இருக்கு, தண்ணிய ஊத்தி மூடி வெச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல கருப்பானா மலக்கிருமி இருக்க வாய்ப்புன்னு அர்த்தம், படிக்காதவங்க கூட பாத்தவுடனே புரிஞ்சுக்குவாங்க, கருப்பாயிட்டுன்னா தெருவே கூடிடும். ஆனா நம்ம பக்கம் சில போர் தண்ணில இயற்கையாவே அழுகின முட்டை வாடை வரும், அந்தத் தண்ணிய ஊத்துனா உடனே கருத்துடும், அதுக்கும் கிருமிக்கும் சம்பந்தம் இல்ல. ஊத்துன உடனே கருத்தா அது வாடை, ராத்திரி கழிச்சு கருத்தா கிருமின்னு டெஸ்ட் பண்றவங்களுக்கு சொல்லிக் குடுக்கணும், இல்லன்னா வீணா பயம் கிளம்பிடும்.

கிட்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது குளோரின். கடைசி வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் போட்டேன்னு சொல்லுவார், போட்டும் இருப்பார், ஆனா கடலோரக் காத்துல ஈரத்துல திறந்து கெடக்குற மூட்டை சீக்கிரமே செத்துடும், 33 சதவீதம் இருக்க வேண்டிய குளோரின் அதுல பாதி கூட இருக்காது. அவர் போட்டது சுண்ணாம்பு மாதிரி தான். இதை எந்த லேப்லயும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா குளோரின் போற வழில பறந்துடும், குழாய் பக்கத்துலயே நின்னு பாத்தா தான் உண்டு. குளோரோஸ்கோப்னு குளோரின் பாக்குற சின்ன சாமான் இருக்கு, அதுல ரெண்டு சொட்டு விட்டு மஞ்சள் கலர் வருதான்னு பாக்க ரெண்டு நிமிஷம் போதும். அதுகூட ஒரு நல்ல மின்கடத்துதிறன் மீட்டர், அதாவது டிடிஎஸ் மீட்டர்னு கடைல சில நூறு ரூபாய்க்கு விக்குறாங்களே அதோட நல்ல வகை. பேனா மாதிரி இருக்குற மலிவு மீட்டரும் உப்பைத் தனியா அளக்குறதில்ல, மின்சாரம் எவ்ளோ கடத்துதுன்னு பாத்து ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுது, ஒரு மீட்டர் 0.5ஆல பெருக்கும் இன்னொண்ணு 0.7ஆல பெருக்கும், அதனால ரெண்டு வீட்டுல ரெண்டு மீட்டர் வெச்சு சண்டை போடக் கூடாது, ஊருக்கு ஒரே மீட்டர், மாசம் ஒரு தடவை 1413னு போட்ட ஸ்டாண்டர்ட் கரைசல்ல வெச்சு சரி பாக்கணும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கெமிக்கல் தேவையில்ல, கடலோர ஊருக்கு இதை விட உபயோகமான சாமான் எதுவும் இல்லைங்கறது என் கருத்து.

பிரைவேட் லேப் பத்தி ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்ல. லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்குற தேசிய அமைப்பான என்ஏபிஎல்லோட அங்கீகாரம் இருந்தா ரிசல்ட் நம்பலாம், அங்கீகாரம் இருக்குன்னா எல்லா டெஸ்ட்டுக்கும் இருக்குன்னு அர்த்தம் இல்ல, எந்தெந்த டெஸ்ட்டுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாக்கணும். முழு டெஸ்ட்டுன்னா ஒரு சேம்பிளுக்கே சில ஆயிரம் ஆவும், அதையும் வருஷத்துக்கு நாலு தடவை பண்ணா நாலு நாள் தெரியும், அவ்ளோ தான். எங்களுக்கு இது தேவையில்லன்னு நினைக்கிறேன். ஆனா பக்கத்துல கெமிக்கல் கம்பெனியோ சிப்காட்டோ இருக்குற ஊருக்கு, பூச்சிமருந்து, ஈயம், காட்மியம் மாதிரி விஷயத்துல சந்தேகம் இருக்குற ஊருக்கு, இல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கிட்ட புகார் குடுக்கணும்னா, சொந்தமா ஒரு ரிப்போர்ட் கைல இருக்குறது ரொம்ப பலம். அந்த ஊர்க்காரங்க இதுக்கு காசு எடுத்து வைக்கிறது நியாயம்.

சென்சார் தான் எல்லாருக்கும் ஆசை. ஒரு கம்பெனிக்காரங்க வந்து காட்டுனாங்க, போன்லயே பாக்கலாம், பிஎச், டிடிஎஸ், குளோரின், கலங்கல் எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் வருது, கலெக்டர் ஆபீஸ்லேந்தே பாக்கலாம்னு. பாக்க நல்லாத்தான் இருக்கு, நான் முன்னாடி இருந்து ஏறி எறங்குற தண்ணின்னு சொல்லிக்கிட்டு வர்றதுக்கு இது தானே பொருத்தம்னு எனக்கும் முதல்ல தோணுச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன், நீர் வேலை பாக்குற ஒரு சார்கிட்டயும் கேட்டேன். உப்பு பாக்குற சென்சார் கெட்டி, ரொம்ப நாள் ஓடும், எப்பயாவது துடைச்சு விட்டாப் போதும். குளோரின் பாக்குறது அப்படி இல்ல, அதுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், மாத்திக்கிட்டே இருக்கணும், உள்ள ஒரு திரவம் ஊத்தணும், தண்ணி நின்னு காஞ்சு போனா கெட்டுடும், நம்ம ஊர்ல தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் ஓடுது. கலங்கல் பாக்குற கண்ணாடில பாசி படியும். கடல் காத்துல பேனல் பெட்டில இருக்குற ஸ்க்ரூ ஒரு வருஷத்துல துருப்புடிச்சுடும், மோட்டார் ஸ்டார்ட்டரே அப்படித்தான் போவுது. 2018 நவம்பர் 16 கஜா புயல் வந்தப்ப எத்தனை நாள் கரெண்ட் இல்லாம ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து தொட்டி ஏத்துனோம்னு யாருக்கும் மறந்திருக்காது, தண்ணி எப்படி இருக்குன்னு ரொம்பத் தெரிய வேண்டிய நாளும் அது தான், சென்சார் செத்துக் கெடக்குற நாளும் அது தான்.

இதெல்லாம் விட பெரிய விஷயம் பராமரிப்பு. வாங்குற செலவு ஒரு தடவை, யாராவது குடுத்துடுவாங்க, ஏஎம்சி, அதாவது பராமரிப்பு ஒப்பந்தக் காசு, வருஷா வருஷம் ஊராட்சி தான் கட்டணும், ரெண்டாவது வருஷம் கட்ட மாட்டாங்க. அதுக்கப்புறம் தப்பான நம்பரைக் காட்டிக்கிட்டு நிக்கிற சென்சார், ஒண்ணுமே இல்லாததை விட மோசம், ஏன்னா எல்லாம் சரியா இருக்குன்னு திரை சொல்லிக்கிட்டே இருக்கும். நூறு ஊராட்சிக்கு ஒரே ஆள் வந்து பராமரிக்கிற மாதிரி மாவட்ட அளவுல ஏற்பாடு பண்ணா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், அப்பவும் முதல்ல உப்பு சென்சார் மட்டும், அதையும் கூட்டுக் குடிநீர் சம்ப்ல. தனி ஊராட்சி தன் காசைப் போட்டு வாங்கக் கூடாது.

நடுவுல ஒருத்தர் இந்தக் காசுக்கு உப்பைப் பிரிச்சு எடுக்குற ஒரு ஆர்ஓ பிளான்ட் போட்டுடலாமேன்னு கேட்டார். அது தண்ணி குடுக்குற வழி, தண்ணிய பாக்குற வழி இல்ல. ஆர்ஓ தண்ணியும் யாராவது டெஸ்ட் பண்ணித்தான் ஆவணும், கேன்ல புடிச்சு வீட்டுல ரெண்டு நாள் வெச்சா குளோரின் இல்லாததுனால அதுலயும் கிருமி வளரும், கழிவு உப்புத் தண்ணிய எங்க விடுறதுன்னும் கேள்வி இருக்கு, மணல்ல விட்டா திரும்ப நம்ம போருக்குத்தான். ஆர்ஓ வந்தாலும் சமையலுக்கும் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல குடிக்கிறதுக்கும் எல்லாரும் குழாய்த் தண்ணி தான்.

இப்ப இதுல எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுற ஒரு விஷயம். எதை வாங்குறதுங்கறதை விட யாரு யாரைப் பாக்குறதுன்னு தெளிவா இருக்கணும். பஞ்சாயத்துச் சட்டம் 1994 பிரிவு 110லயே குடிநீர் குடுக்குறது ஊராட்சியோட கடமைன்னு இருக்கு, அரசியல் சட்டத்தோட 11வது அட்டவணைலயும் குடிநீர் இருக்கு. சரி, தண்ணி குடுக்குறதும் ஊராட்சி, குளோரின் போடுறதும் ஊராட்சி ஆபரேட்டர், கிட் வெச்சு பாக்குறதும் ஊராட்சி சொல்ற ஆளு. மொத்தமா கொண்டு வர்றது வாரியம், அதை டெஸ்ட் பண்றதும் வாரிய லேப். ரெண்டு பேருமே தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்குறாங்க. அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, ஆனா டெஸ்ட் பண்ற அக்காவோட சித்தப்பா மகன் தான் ஆபரேட்டர்னா குளோரின் இல்லன்னு எழுத அவங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு யோசிங்க. வெளில நின்னு பாக்குறதுக்கு ஒருத்தர் வேணும், அது சுகாதாரத் துறை. 1939லேந்து பொது சுகாதாரச் சட்டம் இருக்கு, சுகாதார ஆய்வாளர் சேம்பிள் எடுத்து அனுப்பலாம், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வரைக்கும் போவும். வழக்கமா அவங்க காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்ததுக்கு அப்புறம் தான் வர்றாங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்து நம்ம நோட்டைப் பாத்து, தன் கையால ரெண்டு குழாய்ல குளோரின் பாத்து கையெழுத்துப் போட்டாப் போதும், அதுவே நாலு லட்ச ரூபாய் சென்சாரை விட பெருசு.

எங்க ஊராட்சில 2025 ஜனவரில பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போனப்ப எனக்கு இது இன்னும் நல்லா புரிஞ்சுச்சு. தலைவர் இருந்தா வாசல்ல போய் நின்னு கேக்கலாம், தனி அலுவலருக்கு இதே மாதிரி எத்தனையோ ஊர். ரிசல்ட் தப்பா வந்தா யாரு எத்தனை நாள்ல என்ன செய்யணும்னு பேப்பர்ல எழுதி வெக்கலன்னா எந்த டெஸ்ட்டும் பிரயோஜனம் இல்ல.

அதனால நான் கிராம சபைல வெக்கப் போற யோசனை இது தான். காசுல பெரும்பகுதிய ஆளுக்குக் குடுக்கணும், மெஷினுக்கு இல்ல. கிட் கத்துக்கிட்டு வந்தவங்கள்ல ரெண்டு அக்காங்களுக்கு வாரக் கூலி, சேவைன்னு சொல்லி சும்மா வேலை வாங்கக் கூடாது. வாரத்துல ரெண்டு நாள், தண்ணி விடுற நேரத்துல நாலு இடத்துல, அதுல ரெண்டு கடைமடைத் தெரு, ஒண்ணு பள்ளிக்கூடம், உப்பு மீட்டரும் குளோரினும் மட்டும். மாசம் ஒரு தடவை எச்2எஸ் பாட்டிலும் குளோரைடு சொட்டும். நம்பரை ரேஷன் கடைச் சுவத்துல கரும்பலகைல எழுதணும், ஊராட்சி ஆபீஸ் நோட்டுல மட்டும் எழுதுனா பழைய கதை தான். நல்ல மீட்டர், புது கெமிக்கல், பிளீச்சிங் பவுடர் வெக்க மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம், இவ்ளோ தான் சாமான் செலவு. 15வது நிதிக்குழு மானியத்துல குடிநீருக்குன்னே கட்டிப் போட்ட பங்கு இருந்துச்சு, அந்த மாதிரி வர்ற பணத்துல இது ஒரு மூலைக்குக் கூட வராது. வாரிய லேப் வழக்கம் போல இருக்கணும், ஆனா தேதியும் இடமும் நாம சொல்ற மாதிரி, அப்புறம் நம்ம மீட்டர் திடீர்னு ஏறுனா அன்னைக்கே ஒரு சேம்பிள் கூடுதலா. பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேட்டும் குடுக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா 30 நாள்ல குடுத்தாவணும், அதையும் போடப் போறேன், போன அஞ்சு வருஷத்து நம்பரை வரிசையா வெச்சுப் பாத்தா தான் போர் வருஷா வருஷம் எவ்ளோ ஏறுதுன்னு தெரியும்.

பக்கத்து ஊராட்சிங்க நாலஞ்சு சேந்தா ஒன்றிய அளவுல ஒரு சின்ன லேப், ஒரு டெக்னீஷியன்னு வெக்கலாம், எனக்கு உண்மைல அது தான் ரொம்பப் புடிச்ச வழி, கிருமி டெஸ்ட்டுக்கு சேம்பிள் அன்னைக்கே போயிடும். ஆனா அது ஒரு ஊர் கிராம சபைல முடிவாகுற விஷயம் இல்ல, தீர்மானத்துல கோரிக்கையா மட்டும் சேத்துருக்கேன்.

கமிட்டில இதைப் படிச்சப்ப டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், அது தான் எல்லாத்துலயும் நல்ல கேள்வி. தம்பி, மே மாசம் உன் மீட்டர் 1800 காட்டுது, நான் என்ன பண்ணணும், போரை நிறுத்திட்டா ஊருக்குத் தண்ணி யாரு குடுப்பான்னார். 500 தான் நல்ல அளவு, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு ஐஎஸ் 10500லயே இருக்கு, அதனால 1800ஐக் காட்டி நிறுத்துன்னு சட்டம் பேச முடியாது. அதுக்காக அப்படியே குடுன்னும் எனக்குச் சொல்ல மனசு வரல, வங்கதேசக் கடலோரத்துல கர்ப்பிணிங்க கிட்ட செஞ்ச ஆய்வுகள்ல உப்புத் தண்ணி குடிக்கிறவங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஜாஸ்தியா இருந்ததைப் பாத்துருக்காங்க, நம்ம ஊர்லயும் மாசமா இருக்குற பொண்ணுங்க இதைத்தான் குடிக்குதுங்க.

கடைசில அவரே வழியும் சொன்னார். கலக்க வேணாம். கொள்ளிடம் தண்ணி எவ்ளோ கம்மியா வந்தாலும் அதை சின்னத் தொட்டில தனியா ஏத்தி காலைல ஒரு மணி நேரம் மட்டும் விடலாம், குடிக்க சமைக்க வீட்டுக்கு நாலு குடம் கிடைச்சுடும், போர் தண்ணிய பெரிய தொட்டில ஏத்தி சாயங்காலம் விடலாம், குளிக்கத் துவைக்க. சின்னத் தொட்டிக்கு ஒரு கேட் வால்வும் முப்பது அடி பைப்பும் மாத்தணும், பிளம்பரைக் கூட்டிட்டு வந்து அளந்தாச்சு. தீர்மானத்துல இதை முதல் வரியா மாத்தி எழுதிட்டேன், எந்தத் தண்ணி எத்தனை மணிக்குன்னு கரும்பலகைல நம்பருக்குப் பக்கத்துலயே எழுதுறதுன்னும் சேத்துருக்கு.